பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்: எக்கோ, டாப்ளர் சான்றிதழ்களைப் புரிந்து தேர்ந்தெடுக்க

என் அக்காள் மகள் கார்டியாக் டெக்னாலஜி படித்துவிட்டு மருத்துவமனையில் பயிற்சியில் இருக்கிறாள். அடுத்த ஆண்டு கணவருடன் அமெரிக்காவுக்கு வரப்போகிறாள். நான் இங்கே பல வருடங்களாக, மீயொலி (அல்ட்ராசவுண்ட்) கொண்டு இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ ஆய்வகத்தில் வேலை செய்பவன் என்பதால், போன மாதம் தொலைபேசியில் அழைத்துக் கேட்டாள்: "மாமா, ஆர்.டி.சி.எஸ். உயர்ந்ததா, ஆர்.சி.எஸ். உயர்ந்ததா? எந்த லைசென்ஸ் எடுத்தால் நல்லது? எந்தப் படிப்பில் சேர வேண்டும்?"

ஆர்.டி.சி.எஸ்., ஆர்.சி.எஸ். இரண்டும் இதய ஸ்கேன் எடுப்பவர்களுக்கான சான்றிதழ்கள். அவள் கேட்டதில் தேர்வு, உரிமம், படிப்பு ஆகிய மூன்றும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. அவளைக் குறை சொல்ல முடியாது. இந்தத் துறையிலேயே இருப்பவர்கள்கூட அப்படித்தான் பேசுகிறார்கள். விளம்பரம் செய்யும் பயிற்சி மையங்கள் வேண்டுமென்றே அப்படிப் பேசுகின்றன. அவளுக்கு இரண்டு மணி நேரம் விளக்கியதை இங்கே எழுதுகிறேன்.

நான்கு தாள்கள், நான்கு வேலைகள்

தட்டச்சு கற்றவர்களுக்கு இது எளிதில் புரியும். ஊரில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்து பழகுகிறோம். ஆனால் லோயர், ஹையர் தேர்வை அந்தப் பயிலகம் நடத்துவதில்லை. வேறோர் அமைப்பு நடத்துகிறது. தேறியவருக்குக் கிடைக்கும் தாள், "இவருக்கு இந்தத் திறமை இந்த அளவுக்கு இருக்கிறது" என்று மட்டும் சொல்கிறது. அவர் பி.ஏ. படித்தவரா, பத்தாம் வகுப்பு படித்தவரா என்பது அந்தத் தாளில் இல்லை. சொல்லிக்கொடுத்தவரே தேர்வு வைத்து அவரே தேர்ச்சி கொடுத்திருந்தால் அந்தத் தாளை யாரும் மதித்திருக்க மாட்டார்கள். கற்பிக்கும் கையும் சோதிக்கும் கையும் வேறாக இருப்பதுதான் அதன் மதிப்பு.

தொழில்முறைச் சான்றிதழ் என்பது இதுதான். கற்பித்தவர் அல்லாத ஓர் அமைப்பு, ஒரு குறிப்பிட்ட வேலைக்குத் தேவையான அறிவு ஒருவருக்கு இருக்கிறதா என்று சோதித்துத் தருவது.

பட்டம் வேறு; அது கல்லூரி தருவது. உரிமமும் வேறு. வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் ஓட்டுநர் உரிமத்தைப் போல அது அரசின் அனுமதி. அது இல்லாமல் அந்த வேலையைச் செய்தால் சட்டப்படி குற்றம். நான்காவது, நிறுவன அங்கீகாரம். கல்லூரிக்கு 'நாக்' தரம் கிடைப்பதைப் போல அது ஒரு கல்லூரிக்கோ ஆய்வகத்துக்கோ தரப்படுவது. கல்லூரிக்கு 'ஏ பிளஸ்' கிடைத்தால் அங்கே படிக்கும் மாணவனுக்கு 'ஏ பிளஸ்' கிடைத்துவிட்டது என்று யாரும் நினைக்க மாட்டோம் அல்லவா? இந்தத் துறையில் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அமெரிக்காவில் இந்த நான்கையும் தருபவர்கள் நான்கு வெவ்வேறு இடங்களில் இருக்கிறார்கள். பட்டம் கல்லூரியிடமிருந்து. அந்தப் படிப்பின் தரத்துக்கான அங்கீகாரம், துணை மருத்துவப் படிப்புகளை மதிப்பிடும் 'காஹெப்' என்ற அமைப்பிடமிருந்து. ஆய்வகத்துக்கான அங்கீகாரம் பெரும்பாலும் ஐ.ஏ.சி. என்ற அமைப்பிடமிருந்து. தனி மனிதரின் சான்றிதழ் ஏ.ஆர்.டி.எம்.எஸ்., சி.சி.ஐ. போன்ற இலாப நோக்கற்ற தனியார் அமைப்புகளிடமிருந்து. அரசு உரிமமோ பெரும்பாலான மாநிலங்களில் கிடையவே கிடையாது. ஓரிகன், நியூ மெக்சிகோ போன்ற மிகச் சில மாநிலங்களே மீயொலி ஸ்கேன் எடுப்பவர்களிடம் உரிமம் கேட்கின்றன.

ஒரு சொல் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். நம் ஊரில் 'பதிவு பெற்ற செவிலியர்' என்றால் சட்டப்படி அமைந்த கவுன்சிலில் பதிவு செய்தவர் என்று பொருள். ஆர்.டி.சி.எஸ்., ஆர்.வி.டி., ஆர்.சி.எஸ். என்ற எல்லாவற்றிலும் முதலில் நிற்கும் 'ஆர்', 'ரெஜிஸ்டர்டு' என்ற சொல்லின் முதல் எழுத்துதான். ஆனால் இங்கே அந்தப் பதிவேடு அரசினுடையது அல்ல, தேர்வு நடத்தும் தனியார் அமைப்பினுடையது. இங்கே தேர்வையே 'ரெஜிஸ்ட்ரி' என்றுதான் அழைக்கிறார்கள். "ரெஜிஸ்ட்ரி எழுதிவிட்டாயா?" என்று சக ஊழியர் கேட்டால், தேர்வு எழுதியாயிற்றா என்று கேட்கிறார்; எந்த அலுவலகத்திலும் பெயர் பதிவு செய்தாயா என்று கேட்கவில்லை.

இதுவரை பார்த்ததில் நினைவில் நிற்க வேண்டியது ஒன்றுதான்: நாம் பேசப்போவது உரிமத்தைப் பற்றியோ பட்டத்தைப் பற்றியோ அல்ல. தேர்வில் தேறியதற்கான தனியார் சான்றிதழைப் பற்றி.

சட்டம் கேட்காததை ஏன் எடுக்க வேண்டும்?

சட்டம் கேட்கவில்லை என்றாலும் வேலை கொடுப்பவர் கேட்கிறார். அவர் கேட்பதற்குக் காரணம் பணம்.

அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிகேர். ரத்தக்குழாய் ஸ்கேன்களுக்குப் பணம் தர வேண்டுமானால், ஸ்கேன் எடுத்தவர் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும் அல்லது அந்த ஆய்வகம் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும் என்று, அதைப் பகுதி வாரியாக நிர்வகிக்கும் நிறுவனங்கள் பல இடங்களில் விதித்திருக்கின்றன. ஆய்வகத்துக்கு அங்கீகாரம் தரும் அமைப்போ, அங்கே வேலை செய்பவர்களின் சான்றிதழ்களைப் பார்க்கிறது. ஆக, உங்கள் பெயருக்குப் பின்னால் எழுத்துகள் இல்லையென்றால், உங்கள் மருத்துவமனைக்குக் காசு வராத நிலை உண்டாகலாம். விண்ணப்பத்தில் அந்த எழுத்துகளைத் தேடுவதன் பின்னணி இதுதான்.

ஸ்கேன் எடுப்பவர் யார், படிப்பவர் யார்?

தமிழ்நாட்டில் வயிற்று ஸ்கேனுக்குப் போனால், உடலில் வைத்து நகர்த்தும் கைக்கருவியான புரோப்பைப் பெரும்பாலும் மருத்துவரே கையில் எடுப்பார். அமெரிக்காவில் அப்படி இல்லை. படங்களை எடுப்பவர் சோனோகிராபர். மீயொலிக் கருவியை இயக்கி, அளவுகள் எடுத்து, தான் கண்டதை முதற்குறிப்பாக எழுதிவைக்கும் தொழில்நுட்பர். மருத்துவர் பிறகு அந்தப் படங்களைத் திரையில் பார்த்து முடிவு எழுதிக் கையெழுத்திடுகிறார்; பல நேரம் வேறு கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். சோனோகிராபர் எடுக்காமல் விட்ட படத்தை மருத்துவர் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. எக்ஸ்ரே போல ஒரே சொடுக்கில் முழுப் படமும் விழுவது அல்ல இது. எந்தக் கோணத்தில் புரோப்பைச் சாய்த்தோம், எங்கே நிறுத்தினோம் என்பதைப் பொறுத்தே படம் உருவாகிறது. நான் இந்த வேலையை இவ்வளவு மதிப்பதற்குக் காரணம் இதுதான். தேர்வுகள் இயற்பியலைப் போட்டு வாட்டுவதற்கும் காரணம் இதுதான்.

மருத்துவர்களுக்கென்று வேறு சான்றிதழ்கள் இருக்கின்றன. எக்கோ படித்துச் சொல்லும் மருத்துவர்களுக்குத் தனி வாரியம் உண்டு. ரத்தக்குழாய் ஸ்கேன் படிப்பவர்களுக்கு ஆர்.பி.வி.ஐ. என்ற சான்றிதழ் உண்டு. அவை இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே.

இதயமும் ரத்தக்குழாயும் ஏன் இரண்டு தேர்வுகள்?

"ரத்தம்தானே ஓடுகிறது, இரண்டிலும் ஒரே கருவிதானே?" என்று அக்காள் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. இந்தக் கட்டுரையின் மையமே இதற்கான பதில்தான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ரயில் தண்டவாளத்துக்கு அருகே நின்றிருக்கிறீர்களா? ரயில் நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் உச்சமாகக் கேட்கிறது. கடந்து போனதும் தணிந்துவிடுகிறது. 1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் சொன்ன விதி இது. நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறும். அந்த மாற்றத்தை அளந்தால் பொருளின் வேகத்தைக் கணக்கிடலாம். டாப்ளர் ஸ்கேனில் ரயிலின் இடத்தில் ரத்தச் சிவப்பணுக்கள். கருவி மீயொலியை அனுப்புகிறது. ஓடும் அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறியிருக்கிறது. அதிலிருந்து ரத்தத்தின் வேகம் கிடைக்கிறது.

குழாய் எங்கே குறுகியிருக்கிறதோ அங்கே ரத்தம் வேகமெடுக்கும். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சுகிறதே, அதே கதை. எனவே வேகத்தை அளந்தால் அடைப்பின் அளவை ஊகிக்கலாம். இதுவரை இதயத்துக்கும் ரத்தக்குழாய்க்கும் வேறுபாடு இல்லை.

வேறுபாடு கோணத்தில் வருகிறது. ரயில் நேராக உங்களை நோக்கி வந்தால் ஊதலின் மாற்றம் முழுமையாகக் கேட்கும். நீங்கள் தண்டவாளத்திலிருந்து தள்ளிப் பக்கவாட்டில் நின்றால் மாற்றம் குறையும். உங்களுக்கு நேர் எதிரே ரயில் கடக்கும் அந்தக் கணத்தில் மாற்றமே இருக்காது. அவ்வளவு வேகமாக ஓடும் ரயில், அந்தக் கணத்து ஒலிக்கு நின்றுகொண்டிருப்பதுபோலத்தான். டாப்ளருக்கும் அப்படியே. ஒலிக்கற்றையும் ரத்த ஓட்டமும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் உண்மையான வேகம் கிடைக்கும். கோணம் விரிய விரிய அளவு குறையும்.

இதய ஸ்கேனில் இதற்கு வழி இருக்கிறது. விலா எலும்புகளுக்கு நடுவிலும் அவற்றைச் சுற்றிலும் நான்கைந்து இடுக்குகள் உண்டு. மார்பெலும்பின் ஓரம், இதயத்தின் நுனி துடிக்கும் இடம், தொண்டைக்குழி என்று. சிறு முகம் கொண்ட புரோப்பை ஒவ்வோர் இடுக்கிலும் வைத்து, ஓட்டத்துக்கு நேர்கோட்டில் கற்றை அமையும் இடத்தைத் தேட வேண்டும். பெருந்தமனி வால்வு சுருங்கிய ஒருவருக்கு, வால்வைத் தாண்டும் ரத்தத்தின் உண்மையான உச்ச வேகம் விநாடிக்கு 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் வால்வின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாடு கிடைக்கும். 4 மீட்டருக்கு 64 மில்லிமீட்டர் பாதரசம். 4 மீட்டரும் அதற்கு மேலும் கடும் சுருக்கம் என்பது வழிகாட்டு நெறி. சோனோகிராபர் சரியான இடுக்கைத் தேடாமல் 30 பாகை சாய்ந்த கற்றையோடு நிறுத்திவிட்டால் திரையில் காட்டுவது சுமார் 3.5 மீட்டர்தான், அழுத்த வேறுபாடு 48. கடும் நோய் நடுத்தர நோயாக அறிக்கையில் பதிவாகிவிடும். அறுவை சிகிச்சை தள்ளிப்போகும். கோணம் தவறினால் இதயத்தில் தவறு எப்போதும் ஒரே திசையில்தான் நேரும்: உண்மையைவிடக் குறைவாக.

இப்போது கழுத்துக்கு வாருங்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனி தோலுக்கு ஏறத்தாழ இணையாக ஓடுகிறது. எவ்வளவு முயன்றாலும் கற்றையை ஓட்டத்துக்கு நேர்கோட்டில் வைக்க முடியாது. ஆகவே இங்கே உத்தியே வேறு. கற்றையைச் சாய்த்து அனுப்பி, "இந்தக் கோணத்தில் ரத்தம் ஓடுகிறது" என்று நாமே கருவிக்குச் சொல்கிறோம். 60 பாகைக்கு மேல் போகக் கூடாது என்பது நடைமுறை. கருவி அந்தக் கோணத்தை வைத்து வேகத்தைத் திருத்திக் கணக்கிடுகிறது. நாம் சொன்ன கோணம் தவறென்றால் கணக்கும் தவறு.

எவ்வளவு தவறு? உண்மையான வேகம் விநாடிக்கு 200 சென்டிமீட்டர், உண்மையான கோணம் 60 பாகை என்போம். கைதவறி 65 என்று குறித்தால் கருவி ஏறக்குறைய 237 என்று காட்டும். வெறும் 5 பாகைதான். 2003-இல் வெளியான, இன்றும் பரவலாக எடுத்துக்காட்டப்படும் அமெரிக்கக் கதிரியக்க வல்லுநர்கள் ஒருமித்து வகுத்த அளவுகளின்படி, 230-ஐத் தாண்டினால் 70 சதவீதமோ அதற்கு மேலோ அடைப்பு. 125 முதல் 230 வரை 50 முதல் 69 சதவீதம். ஒரு சிறு குறியீட்டைச் சற்றுத் திருப்பியதால் நோயாளி ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குத் தாவிவிட்டார். நல்ல ஆய்வகங்களில் இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை என்பது உண்மை. ஆனாலும் முதல் எண்ணே கோணலாக இருந்தால் மற்றவை எவ்வளவு தூரம் காப்பாற்றும்? இதயத்தில் குறைவாக மட்டுமே தவறிய அளவு, இங்கே கூடவும் தவறலாம், குறையவும் தவறலாம்.

கோணம் ஓர் எடுத்துக்காட்டுதான். இதயத்துக்குச் சுமார் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ்; ஆழம் போக வேண்டும் என்பதால் தாழ்ந்த அதிர்வெண். கழுத்திலும் காலிலும் தோலுக்கு அருகில் உள்ள குழாய்களுக்கு அதைவிட உயர்ந்த அதிர்வெண். படம் நுணுக்கமாக வரும். காலில் ரத்த உறைவு தேடும்போது புரோப்பால் மெல்ல அழுத்துகிறோம். நல்ல சிரை அப்படியே மடங்கிவிடும், உள்ளே உறைவு இருந்தால் மடங்காது. ரத்தக்குழாய்ப் பிரிவில் படமே இல்லாத பரிசோதனைகளும் உண்டு. கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுப்பது அவற்றில் ஒன்று, விடை 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கால் தமனியில் நோய் இருக்கிறது என்று பொருள். இதய எக்கோ மட்டுமே செய்து பழகியவர்களுக்கு இவையெல்லாம் புதிய ஊர்.

சுருக்கமாகப் பார்த்தால், இயற்பியல் ஒன்று, கையாளும் விதம் இரண்டு. ஆங்கிலத் தட்டச்சு தெரிந்தவர் தமிழ்த் தட்டச்சுத் தேர்வைத் தனியாக எழுத வேண்டியிருப்பதைப் போல.

இரண்டு வீடுகள்

இப்போது பெயர்களைப் பார்க்கலாம். ஏ.ஆர்.டி.எம்.எஸ். 1975-இல் தொடங்கப்பட்டது, மேரிலாந்து மாநிலத்தில் இயங்குகிறது. அதன் முறையில் இரண்டு தேர்வுகள். முதலாவது எல்லோருக்கும் பொதுவான இயற்பியல், கருவித் தேர்வு. அதை எஸ்.பி.ஐ. என்பார்கள். நம் ஊரில் அந்த எழுத்துகளுக்கு வங்கி என்று பொருள். இங்கே மீயொலியின் அடிப்படை. சுமார் 110 கேள்விகள், இரண்டு மணி நேரம். இரண்டாவது, துறைத் தேர்வு. பெரியவர்களின் இதயம், குழந்தைகளின் இதயம், கருவிலுள்ள சிசுவின் இதயம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றில் தேறினால் ஆர்.டி.சி.எஸ். என்று பெயருக்குப் பின்னால் எழுதிக்கொள்ளலாம். ரத்தக்குழாய்த் தேர்வில் தேறினால் ஆர்.வி.டி. பொதுத் தேர்வும் துறைத் தேர்வும் ஐந்து ஆண்டு இடைவெளிக்குள் முடிந்திருக்க வேண்டும்.

சி.சி.ஐ. இதய, ரத்தக்குழாய்த் தொழில்நுட்பர்களுக்கென்றே உள்ளது. 1968 முதல் இந்தப் பணியில் இருக்கிறது. இதற்கு ஒரே தேர்வுதான். இயற்பியல் அதற்குள்ளேயே அடங்கிவிடும். பெரியவர்களின் இதயத்துக்கு ஆர்.சி.எஸ்., பிறவி இதயக் குறைபாடுகளுக்கு ஆர்.சி.சி.எஸ்., ரத்தக்குழாய்க்கு ஆர்.வி.எஸ்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. 1922 முதல் எக்ஸ்ரே தொழில்நுட்பர்களுக்குச் சான்றிதழ் தரும் ஏ.ஆர்.ஆர்.டி. என்ற பழைய அமைப்பு ரத்தக்குழாய் ஸ்கேனுக்கும் சான்றிதழ் தருகிறது. ஏற்கெனவே அந்த வீட்டில் இருப்பவர்களுக்கே அது பெரும்பாலும் பயன்படும். எக்கோவுக்கு அங்கே சான்றிதழ் இல்லை.

எடுத்துவிட்டால் ஆயுளுக்கும் போதும் என்று நினைக்க வேண்டாம். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஏ.ஆர்.டி.எம்.எஸ். 30 தொடர்கல்விப் புள்ளிகளும் சி.சி.ஐ. 36 புள்ளிகளும் கேட்கின்றன. புதுப்பிக்கும் கட்டணமும் உண்டு.

அப்படியானால் எது உயர்ந்தது?

இந்தக் கேள்வியே பொருந்தாது என்பதுதான் என் கருத்து. ஆய்வக அங்கீகாரம் தரும் ஐ.ஏ.சி., எக்கோவுக்கு ஆர்.டி.சி.எஸ்.ஸையும் ஆர்.சி.எஸ்.ஸையும் ஏற்கிறது, ரத்தக்குழாய்க்கு ஆர்.வி.டி.யையும் ஆர்.வி.எஸ்.ஸையும் ஏற்கிறது. தரத்தைத் தீர்மானிக்கும் இடமே இரண்டையும் சமமாக வைக்கும்போது, காபி அறைப் பேச்சில் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவதில் பொருளில்லை. "இரண்டு தேர்வு எழுதியவன் ஒரு தேர்வு எழுதியவனைவிடக் கெட்டிக்காரன்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு தேர்வுக்குள் இயற்பியலும் சேர்ந்து வரும்போது அதைச் சமாளிப்பது எளிதா என்பதை எழுதிப் பார்த்தவர் சொல்லட்டும்.

ஆனால் உங்களுக்கு எது பொருந்தும் என்ற கேள்விக்குப் பொருள் உண்டு. அதற்கான வரிசை இப்படி இருக்க வேண்டும் என்பேன்.

முதலில், எதை ஸ்கேன் செய்யப்போகிறீர்கள்? ஒவ்வொரு நாளும் எட்டு மணி நேரம் எதைப் பார்த்துக்கொண்டிருக்க விருப்பம்? துடிக்கும் வால்வையா, கழுத்திலும் காலிலும் ஓடும் குழாய்களையா? பயிற்சியில் உங்கள் கை எதில் பழகியிருக்கிறது?

அடுத்தது, தகுதி. தேர்வு எழுத விரும்பினால் மட்டும் போதாது. எழுத அனுமதி வேண்டும். ஒவ்வோர் அமைப்பும் பல பாதைகளை வைத்திருக்கிறது. காஹெப் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவர்களுக்கு ஒரு பாதை. ஏதேனும் ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம் பெற்று, 12 மாதம் முழுநேரமாக ஸ்கேன் அனுபவம் உள்ளவர்களுக்கு ஏ.ஆர்.டி.எம்.எஸ்.ஸில் ஒரு பாதை. மருத்துவப் பட்டம் பெற்றவர்களுக்கு இன்னொன்று. வெளிநாட்டுப் பட்டமென்றால் அது அமெரிக்கப் பட்டத்துக்கு எந்த அளவில் நிகர் என்று மதிப்பீடு செய்து காட்ட வேண்டும். இந்த விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. ஆகவே நண்பர் சொன்னதையோ நான் சொல்வதையோ நம்பிப் பணம் கட்டாமல், அந்தந்த அமைப்பு வெளியிடும் அந்த ஆண்டுக்கான கையேட்டைப் படியுங்கள். பலருக்கு இந்த இடத்திலேயே விடை கிடைத்துவிடும். ஒரு கதவு திறந்திருக்கும், மற்றொன்று மூடியிருக்கும்.

இரண்டு கதவும் திறந்திருந்தால், வாழப்போகும் ஊரின் மருத்துவமனைகள் வெளியிட்ட வேலை விளம்பரங்களில் இருபதை எடுத்து வாசியுங்கள். "ஆர்.டி.சி.எஸ். அல்லது ஆர்.சி.எஸ்." என்று பெரும்பாலும் இருக்கும். சில பழைய ஆய்வகங்கள் பழக்கத்தின் காரணமாக ஒன்றை மட்டும் கேட்பதுண்டு. அது அந்த ஊரின் வழக்கம். அதை மதித்தே ஆக வேண்டும்.

அதற்குப் பிறகும் தடுமாற்றம் என்றால் என் கணிப்பைச் சொல்கிறேன். நாளை குழந்தைகளின் இதயம், ரத்தக்குழாய் என்று விரிந்துபோகும் ஆசை இருந்தால் ஏ.ஆர்.டி.எம்.எஸ். வசதியானது, பொதுத் தேர்வு ஒருமுறை எழுதினால் அதன்மேல் துறைகளை அடுக்கிக்கொண்டே போகலாம். இதயம் ஒன்றே போதும், சீக்கிரம் வேலைக்குச் சேர வேண்டும் என்பவருக்கு சி.சி.ஐ.யின் ஒற்றைத் தேர்வு நல்ல வழி.

தேர்வு எதைச் சோதிப்பதில்லை

மதிப்பெண் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. ஏ.ஆர்.டி.எம்.எஸ். தேர்வுகளில் 300 முதல் 700 வரையிலான அளவில் 555 எடுத்தால் தேர்ச்சி. இதைச் சதவீதமாக மாற்றி "எண்பது சதவீதம் வேண்டுமாம்" என்று மாணவர்கள் நடுங்குகிறார்கள். அது சதவீதம் அல்ல. ஒரு நாள் வினாத்தாள் கடினமாகவும் இன்னொரு நாள் எளிதாகவும் அமையலாம்; அந்த வேறுபாட்டைச் சமன்செய்து எல்லோரையும் ஒரே அளவுகோலில் நிறுத்துவதற்கான எண் அது. எத்தனை கேள்விக்குச் சரியாக விடையளிக்க வேண்டும் என்பதை அதிலிருந்து நேராகக் கண்டுபிடிக்க முடியாது.

இதைவிட முக்கியமானது வேறு. தட்டச்சு ஒப்புமை உடையும் இடம் இது. தட்டச்சுத் தேர்வில் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து அடித்துக்காட்ட வேண்டும். இந்த அமெரிக்கத் தேர்வுகளிலோ கணினியின் முன் உட்கார்ந்து விடை சொல்ல வேண்டும். நோயாளியின் மார்பில் புரோப்பை வைத்துக் காட்டச் சொல்வதில்லை. கைத்திறனுக்குச் சாட்சி, நீங்கள் பயின்ற இடத்தில் பொறுப்பாளர் இட்ட கையெழுத்து மட்டுமே. பிரிட்டனில் அப்படியில்லை. அங்குள்ள எக்கோகார்டியோகிராபி சங்கத்தின் சான்று பெற எழுத்துத் தேர்வோடு, 250 எக்கோக்களைச் செய்த பதிவேடும் செய்முறைத் தேர்வும் வேண்டும். பிரிட்டன் முறைதான் நேர்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது. சான்றிதழோடு வந்து சேர்ந்த புதியவர்கள், மூச்சு வாங்கும் பருமனான நோயாளியிடம் இதயத்தின் நுனியைக் கண்டுபிடிக்க முடியாமல் வியர்த்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அறிவு குறைவில்லை. கை பழகவில்லை.

எல்லை தாண்டினால்

கனடாவுக்கு இந்த அமெரிக்க விளக்கம் அப்படியே பொருந்தாது. அங்கே சோனோகிராபி கனடா என்ற அமைப்பின் தேர்வுகள், இதயத்துக்கு சி.ஆர்.சி.எஸ்., ரத்தக்குழாய்க்கு சி.ஆர்.வி.எஸ். தமிழர்கள் நிறைந்த ஒன்டாரியோவில் 2019 முதல் சட்டக் கட்டுப்பாடும் உண்டு. மாகாணத்தின் 'காலேஜ்' என்ற ஒழுங்காற்று அமைப்பில் பதிவு செய்யாமல் சோனோகிராபராக வேலை செய்ய முடியாது. அந்தக் காலேஜில் வகுப்புகள் நடப்பதில்லை. டொரன்டோவுக்குப் புதிதாகப் போகிறவர்கள் இதில் ஏமாந்துபோவதுண்டு.

இந்தியாவில் ஸ்கேன் கருவிகளின் பயன்பாடு, கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்காணிப்பில் இருக்கிறது. துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் வந்தது. அமெரிக்கச் சான்றிதழ் கையில் இருப்பதால் இந்தியாவில் சட்டப்படி எந்தக் கூடுதல் உரிமையும் வந்துவிடாது.

ஒரு வாக்கியத்தைக் கண்டால் நில்லுங்கள்

"ஏ.ஆர்.டி.எம்.எஸ். அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையம்." இப்படி ஒரு பலகையைப் பார்த்து, எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து மகனைச் சேர்த்தது. ஆறு மாதம் படித்தான். ஒரு நோயாளியையும் தொடவில்லை. தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான் அனுபவக் கையெழுத்து வேண்டும் என்பதே அவனுக்குத் தெரிந்தது. மையம் கையை விரித்துவிட்டது.

அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடிய செய்தி ஒன்றுதான்: ஏ.ஆர்.டி.எம்.எஸ். எந்தப் படிப்பையும் அங்கீகரிப்பதில்லை. அது மனிதர்களைச் சோதிக்கும் அமைப்பு. அமெரிக்காவில் படிப்புகளை மதிப்பிடுவது காஹெப்பின் வேலை. முதலில் சொன்ன நான்கு தாள்களை நினைவில் வைத்திருந்தால், அந்தப் பலகையில் உள்ள வாக்கியத்தில் ஒரு தாளின் பெயர் இன்னொரு தாளின் மேல் ஒட்டப்பட்டிருப்பது உடனே தெரியும்.

அக்காள் மகளின் இரண்டாவது கேள்வி

போன வாரம் அவள் மீண்டும் அழைத்தாள். இந்த முறை எது உயர்ந்தது என்று கேட்கவில்லை. "மாமா, பயிற்சி தொடங்கியதிலிருந்து செய்த எக்கோக்களை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. இனிமேல் எப்படி எழுத வேண்டும்?" என்றாள்.

கெட்டி அட்டை போட்ட நோட்டுப்புத்தகம் ஒன்று வாங்கச் சொன்னேன். தேதி, பரிசோதனையின் வகை, தான் எடுத்தவை எவை, கூட நின்று பார்த்தவை எவை, என்ன கண்டாள், யார் மேற்பார்த்தார் என்று ஒவ்வொரு வரியும் இருக்க வேண்டும். நோயாளியின் பெயர் இருக்கவே கூடாது. மாதக் கடைசியில் துறைப் பொறுப்பாளரிடம் கையெழுத்து. ஊரை விட்டுக் கிளம்பும் முன், மருத்துவமனையின் கடிதத்தாளில் முழுநேர வேலையா, வாரம் எத்தனை மணி நேரம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று தெளிவாக எழுதிய கடிதம். விமானம் ஏறிய பிறகு இதை வாங்குவது எவ்வளவு கடினம் என்பது இங்கே வந்த பலருக்குத் தெரியும்.

"பழைய மாதங்களுக்கு?" என்று கேட்டாள். எக்கோ அறைப் பதிவேட்டில் தேதிவாரியாக இருக்கும். பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டு, உண்மையில் தான் செய்தவற்றை மட்டும் பார்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மறுநாள் காலையே போய்க் கேட்டிருக்கிறாள்.